கருகாத காயில்

"அக்கா, அந்தப் பொண்ணு மறுபடியும் வருது. இன்னைக்கு நடையில கோபம் இல்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றபடி ஜன்னலிலிருந்து தலையை உள்ளே இழுத்துக்கொண்டான் அல் அமீன்.

ரோசலின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவளுடைய துப்பறியும் நிலையம் நாகல் நகரில், எரிந்த மோட்டாருக்குப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டும் கிதர் முகம்மதுவின் ரீவைண்டிங் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே வார்னிஷ் ஊற்றினால் மேலே தலை வலிக்கும். பாலிடெக்னிக்கில் மின் இயந்திர லேபைப் பன்னிரண்டு வருஷம் கட்டி ஆண்டவள், இப்போது பெரும்பாலும் மாப்பிள்ளை குடிப்பாரா மாட்டாரா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ்க் கடையில் அந்தக் கம்பிச் சுருளான காயிலைச் சுற்றிக்கொண்டிருந்தவன்தான் அல் அமீன். கை ஓடுகிற வேகத்தைவிட வாய் ஓடுகிற வேகம் அதிகம் என்று கிதர் முகம்மது அவனை மாடிக்குத் தள்ளிவிட்டு மூன்று வருஷமாகிறது. முப்பது வயசாகியும் அந்த வாய்க்கு ஓய்வில்லை.

டெய்சி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். சாணார்பட்டிப் பக்கத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அப்பா ராயப்பராஜ் கொலைக் குற்றவாளி என்று ரிமாண்டில் இருக்கிறார். அவரை உள்ளே தள்ளியதில் ரோசலினுக்கும் பங்கு உண்டு. அது தெரிந்தும் ரோசலினிடமே கேஸைக் கொண்டுவந்து கொடுத்தவள் டெய்சி. மூன்று வாரத்தில் இது மூன்றாவது வருகை.

"கணக்கை இன்னொரு வாட்டி போட்டுப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தாச்சு டெய்சி. ரெண்டரைதான் வருது."

"அது தப்பு."

"எங்க தப்புன்னு சொல்லு, திருத்திக்கிறேன்."

"எனக்கு எப்படித் தெரியும்? நான் தமிழ் டீச்சர்." டெய்சி கைக்குட்டையை முறுக்கினாள். "ஆனா தப்பு. சாயங்காலம் ஸ்டேஷன்ல ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போடப் போறீங்களாமே. போட்டுட்டா அம்புட்டுத்தான். அப்பா வெளிய வரவே மாட்டாரு."

ரோசலின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். தான் போட்ட கணக்கு ஒரு மனுஷனின் கழுத்தில் தொங்குவது அவளுக்குப் புதுசு.

நடந்தது இதுதான். ராயப்பராஜுக்கும் பக்கத்துத் தோட்டத்து சடையாண்டிக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். ஆளுக்கு ஒரு முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்வார்கள். முறைக்கு முறை வாய்த்தகராறும் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள், கைப்பிடிச் சுவர் இல்லாத அந்தக் கிணற்றில் சடையாண்டி பிணமாகக் கிடந்தார். மண்டையில் அடி. அன்று முழுக்க வானம் மூட்டம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் சொன்னது மட்டும்தான் சாட்சி. "மோட்டார் சத்தம் நின்னுச்சு, கூடவே 'ஐயோ'ன்னு ஒரு குரல். செத்த நேரம் கழிச்சு ராயப்பராஜு கொட்டகையிலேருந்து துண்டுல எதையோ சுத்திக்கிட்டுப் போனாரு." அவரிடம் கடிகாரம் இல்லை, வெயிலும் இல்லை. செத்த நேரம் என்றால் எவ்வளவு நேரம் என்று கேட்டதற்கு, செத்த நேரம்தான் என்று சொல்லிவிட்டார்.

மோட்டார் எப்போது நின்றதோ அப்போதுதான் சடையாண்டி விழுந்திருக்கிறார். அது எத்தனை மணி?

அதைக் கண்டுபிடித்தவள் ரோசலின். வேறொரு வேலையாக அன்று சாணார்பட்டிக்குப் போயிருந்தவளை இன்ஸ்பெக்டர் நல்லுசாமி கிணற்றடிக்குக் கூப்பிட்டார். அவள் மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. செம்புக் கம்பி சூடானால் மின்சாரத்துக்கு அது கொடுக்கும் தடை கூடும். ஆறினால் குறையும். ஆக, தடையை அளந்தால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பியின் சூடு தெரிந்துவிடும். நாலரை மணிக்கு ஒரு தரம் அளந்தாள். ஐம்பத்திரண்டு டிகிரி. ஐந்து மணிக்கு இன்னொரு தரம். நாற்பத்தேழரை. எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்பது கையில் வந்துவிட்டது. அதே வேகத்தில் பின்னால் நடந்துபோனால், ஓடிக்கொண்டிருந்த மோட்டார் எப்போது நின்றது என்று சொல்லிவிடலாம்.

இன்ஸ்பெக்டருக்குப் புரியட்டும் என்று அவள் அன்று சொன்ன உதாரணம் ஸ்டேஷனில் இப்போதும் பிரபலம். "டம்ளர்ல காப்பி எவ்வளவு ஆறியிருக்குன்னு பாத்து, எப்ப ஊத்துனாங்கன்னு சொல்ற மாதிரி சார்."

ரெண்டரை மணி என்று விடை வந்தது. ராயப்பராஜ் அன்று மதியம் திண்டுக்கல்லில் மச்சினன் மகன் கல்யாண விருந்தில் இருநூறு பேரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் ஊரில் இறங்கியிருந்தார். ரெண்டரைக்கு அவர் கிணற்றடியில்தான் இருந்தார். எதற்குப் போனீர்கள் என்று போலீஸ் கேட்டபோது வாயையே திறக்கவில்லை. கதை முடிந்தது.

"ஒருவேளை முன்னாடியே நின்னிருந்தா?" என்றாள் டெய்சி.

"எப்படிம்மா நிக்கும்? அந்த வாரம் உங்க பக்கம் த்ரீ ஃபேஸ் கரண்ட்டே மத்தியானம் ஒன்றரைக்கு மேலதான். அதுக்கு முன்ன டூ ஃபேஸ்தான். வீட்டுல பல்பு எரியும், மோட்டார் ஓடாது. சப்-ஸ்டேஷன் நோட்டுல எழுதியே இருக்கு."

டெய்சி எழுந்தாள். படியருகே போய் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"அந்த மோட்டாரு பத்து நாளைக்கு முன்ன எரிஞ்சு போச்சுக்கா. சடையாண்டி வீட்டுக்காரங்க கீழ இந்தக் கடையிலதான் கொடுத்துக் கட்டுனாங்க. அதையாச்சும் ஒரு எட்டு பாருங்க."

அவள் இறங்கிப் போனதும் அல் அமீன் தாடையைச் சொறிந்தான். "அக்கா, மனுஷங்க சாட்சி சொல்ல மாட்டேங்குறாங்க. மோட்டாராவது சொல்லுதான்னு கேக்கச் சொல்லுது. கேட்டுருவோமா?"

கீழே கிதர் முகம்மது ஒரு மோட்டாரின் வெளிக்கூடான ஸ்டேட்டரைக் கவிழ்த்துப்போட்டு உளியால் பழைய காயில்களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாமு, சாணார்பட்டி மோட்டாரு, ஏழரை குதிரைச் சக்தி. பழைய செம்பு இருக்கா?" என்றான் அல் அமீன்.

"அது இந்நேரம் வேற எவன் வீட்டுலயோ குத்துவிளக்கா ஆயிருக்கும். முந்தாநாள்தான் பழைய செம்புக்காரன் மொத்தமா அள்ளிக்கிட்டுப் போனான்." அவர் தலையைத் தூக்காமலே சொன்னார். "மாதிரிக் காயில் வேணும்னா ஆணியில தொங்குது, பாரு."

ரீவைண்டிங் கடைகளின் வழக்கம் அது. எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது ஒரு காயிலை மட்டும் வெட்டாமல் உருவி எடுத்து, எத்தனை சுற்று, என்ன கம்பி என்று எண்ணிக்கொள்வார்கள். பிறகு சீட்டுக் கட்டி ஆணியில் மாட்டிவிடுவார்கள். திரும்ப எரிந்தால் உதவும். சுவரில் நாற்பது ஐம்பது காயில்கள் தொங்கின. ரோசலின் சீட்டுகளைப் படித்துக்கொண்டே போய் ஒன்றைக் கழற்றினாள்.

கழற்றியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"இது எப்படிடா இருக்கு?"

"அழகா இருக்கு. கல்யாணத்துக்கே போட்டுக்கிட்டுப் போகலாம்."

"எரிஞ்ச மோட்டார்லேருந்து எடுத்த காயில் இது. ஏன் எரியல?"

அல் அமீனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவனும் காயில் சுற்றியவன்தானே. கம்பியின் மேல் வார்னிஷ் தேன் நிறத்தில் பளபளத்தது. ஒரு கருப்புப் பொட்டுகூட இல்லை.

"எண்ணணும்ல, அதனால நல்லதாப் பாத்து எடுத்தேன்," என்றார் கிதர் முகம்மது. "அந்த மோட்டாருல மூணுல ரெண்டு பங்கு கரி. ஒரு பங்கு புத்தம் புதுசு. இதென்னம்மா அதிசயம், வாரத்துக்கு நாலு இப்படித்தான வருது. கண்டன்சர் கேஸு."

ரோசலின் அங்கேயே ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

கண்டன்சர். டூ ஃபேஸ் நேரத்தில் மூன்று ஃபேஸ் மோட்டாரை ஏமாற்றி ஓட்டுவதற்கு விவசாயிகள் மாட்டுகிற டப்பா. சட்டப்படி தப்பு. பிடிபட்டால் கிணற்றுக்கான இணைப்பையே துண்டித்துவிடுவார்கள். அதனால் எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கண்டன்சரா, அது என்ன நிறம் என்பார்கள். ஆனால் எல்லாக் கொட்டகையிலும் சாக்குக்கு அடியில் ஒன்று இருக்கும். அப்படி ஓட்டும்போது மூன்று பங்குக் கம்பி இழுக்க வேண்டிய பாரத்தை இரண்டு பங்கு இழுக்கும். அந்த இரண்டும் கொதித்துப்போகும். மூன்றாவது சும்மா இருக்கும்.

"சே! இதை யோசிக்காம விட்டேனே!" அவள் நெற்றியில் அறைந்துகொண்டாள். "காப்பி எவ்வளவு வேகமா ஆறுதுன்னு அளந்தேன். இப்ப எவ்வளவு சூடுன்னு அளந்தேன். ஊத்தும்போது எவ்வளவு சூடா இருந்துச்சுன்னு அளக்கவே இல்லடா. எல்லா மோட்டாரும் ஓடுற மாதிரி இதுவும் ஓடியிருக்கும்னு எண்பத்தேழு டிகிரி வெச்சுக்கிட்டேன்."

"இப்ப எம்புட்டு வெக்கணும்?"

"கொஞ்ச நாள்லயே எரிஞ்சு போகுற அளவுக்கு அன்னைக்கே வெந்திருக்கு. நூத்தி நாப்பதுக்குக் குறையாது."

மேஜையில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிப்போட்டு அவள் கணக்கை எழுதினாள். ஆறுகிற வேகம் பழையதுதான். சூடு மட்டும் கூடுதல். நூற்று நாற்பது சொச்சத்திலிருந்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கி வர, எண்பத்தேழிலிருந்து இறங்கியதைவிட இன்னும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும். மோட்டார் நின்றது ரெண்டரைக்கு அல்ல. ஒன்று ஐந்துக்கு.

அப்போது ராயப்பராஜ் திண்டுக்கல்லில், இருநூறு பேருக்கு நடுவில், இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"யா அல்லா!" அல் அமீன் துள்ளினான். "மனுஷன் பிரியாணி சாப்பிட்டது இம்புட்டு உபயோகமா எந்த ஊருலயும் இருந்திருக்காது. கெளம்புக்கா, அந்தப் பொண்ணுகிட்ட நேர்ல சொல்லுவோம். அது சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

கிதர் முகம்மதுவிடம் காயிலைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். எம்-எய்ட்டியில் இருவரும் கிளம்பினார்கள். நத்தம் ரோட்டில் புளியமரங்களுக்குக் கீழே வண்டி போனது. அல் அமீன் பேசிக்கொண்டே ஓட்டினான். பின்னால் இருந்து எதிர்ப்பேச்சே வரவில்லை.

"அக்கா, இருக்கியா, எறங்கிட்டியா?"

"வண்டியை ஓரங்கட்டு."

கட்டினான். ரோசலின் இறங்கி நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"டெய்சி மூணு வாட்டி வந்தா. மூணு வாட்டியும் என்ன சொன்னா?"

"கணக்கு தப்புன்னு சொல்லுச்சு."

"'எங்க அப்பா பண்ணல'ன்னு ஒரு வாட்டியாச்சும் சொன்னாளா?"

அல் அமீன் யோசித்தான். "சொல்லலக்கா," என்றான். 

"ஜெயில்ல அப்பன் கெடக்கான். எந்தப் பொண்ணும் மொதல்ல அதைத்தான்டா கத்துவா. இவ கத்தல. மணி தப்பு, மணி தப்புன்னே சொன்னா. மோட்டாரைப் பாருங்கன்னும் அவதான் சொன்னா. கடிகாரமே இல்லாத இடத்துல மணி தப்புன்னு ஒருத்திக்கு எப்படித் தெரியும்?"

"அங்க இருந்திருந்தாத் தெரியும்," என்றான் அல் அமீன் மெதுவாக. பிறகு, "வேணாங்க்கா. திரும்பிருவோம். இந்தக் காயிலைத் திருப்பி ஆணியில மாட்டிருவோம்," என்றான்.

"ஏறு. போகலாம்," என்றாள் ரோசலின். அவளுக்கும் திரும்பிவிடத்தான் ஆசை.

தோட்டத்தில் டெய்சி கிணற்றுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு செவ்வந்திப் பாத்தியில் உட்கார்ந்திருந்தாள். பாதிச் செடிகள் காய்ந்து கிடந்தன. ரோசலின் அவள் முன்னால் குந்தி, பையிலிருந்து காயிலை எடுத்து மண்ணில் வைத்தாள்.

"ஒண்ணு அஞ்சு," என்றாள்.

டெய்சி காயிலையே பார்த்தாள். தோள்கள் தளர்ந்தன. இறக்கி வைக்க இடம் தேடி அலைந்த சுமையை யாரோ ஒரு கை பிடித்துக்கொண்ட மாதிரி, அவள் ஒரு நீளமான மூச்சு விட்டாள்.

"அப்பாடா," என்றாள். "கண்டுபிடிச்சிட்டீங்க."

"நீயே சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா பூச்சி மருந்தைக் குடிச்சிருவேன்னு அப்பா சத்தியம் பண்ணியிருக்காருக்கா. ஜெயில்லயும் பாத்தேன். அதையே சொல்லுறாரு. நான் சொல்லாம, கணக்கு சொன்னா, அப்பாவை விட்டுருவாங்கன்னு நெனச்சேன். கணக்குல என் பேரு வராதுல்ல. மணி மட்டுந்தான வரும்?"

அல் அமீன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

டெய்சி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அன்று ஒன்றரைக்குக் கரண்ட் வந்தால் சடையாண்டியின் முறை. செவ்வந்தி வாடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஒரு நடை பாய்ச்சிவிடலாம் என்று, கல்யாணத்துக்குப் போகாமல் அவள் கண்டன்சரை மாட்டி மோட்டாரை ஓடவிட்டாள். சடையாண்டி முன்கூட்டியே வந்துவிட்டார். பொது மோட்டாரை எரிக்கிறியா என்று கத்தினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஸ்டார்ட்டர் பொத்தானை அமுக்கி மோட்டாரை நிறுத்தினார். பிறகு கோபத்தோடு கண்டன்சரைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

"மோட்டார் நின்னா கரண்ட்டும் நின்னுருச்சுன்னு நெனச்சுட்டாருக்கா. அவரு வாழ்க்கையில கண்டன்சர் மாட்டுனதே இல்ல. அம்புட்டு ஒழுங்கான மனுஷன். அது கரண்ட்டை உள்ளுக்குள்ள பிடிச்சு வெச்சிருக்கும்னு மாட்டிப் பழகுன எங்களுக்குத்தான் தெரியும். 'மாமா, தொடாதீங்க'ன்னேன். நான் சொல்லி அவரு எதைக் கேட்டாரு?"

கண்டன்சர் கையை உதறித் தூக்கிப்போட்டதில் சடையாண்டி நாலு எட்டு பின்னால் போனார். நாலாவது எட்டில் தரை இல்லை. பாறையில் மண்டை மோதிய சத்தம் மேலே கேட்டது. டெய்சி கயிற்றைத் தேடி ஓடினாள். வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். தெருவே கல்யாணத்துக்குப் போயிருந்தது. திரும்பி வந்தபோது தண்ணீர் அசையாமல் இருந்தது. இரண்டு மணிக்கு வந்த ராயப்பராஜிடம் சொன்னாள். அவர் கொட்டகைக்குப் போய்க் கண்டன்சரைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கேயோ போனார். எங்கே போட்டார் என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை.

"அப்ப இதுல கொலையே இல்லையேம்மா!" என்றான் அல் அமீன்.

"இல்லைண்ணே. ஆனா ரெண்டு குடும்பத்துக்கும் தகராறுன்னு ஊருக்கே தெரியும். கிணத்தடியில நானும் அவரும் மட்டும் இருந்தோம்னா, தள்ளிவிட்டேன்னுதான சொல்லுவாங்கன்னு அப்பா பயந்தாரு. போலீஸு வந்து ரெண்டரைன்னு சொன்னதும் அப்பா முகத்தைப் பாக்கணுமே. நான் ஸ்கூல்ல பாஸானப்பகூட அப்படிச் சந்தோஷப்பட்டதில்ல. ரெண்டரைக்கு நான் பக்கத்துத் தெருவுல, கல்யாணத்துலேருந்து திரும்புன எல்லார் கண்ணுலயும் பட்டேன். அவரு மட்டுந்தான் இங்க இருந்தாரு."

 ரோசலினுடைய தப்பைத்தான் அந்த மனுஷன் குடையாகப் பிடித்து மகளை அதற்கடியில் நிறுத்தியிருக்கிறார். அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை, தன் மேலேயே பட்டுக்கொண்டாள்.

"இப்ப ரெண்டு வழிதான் இருக்கு டெய்சி. நான் கையெழுத்துப் போடாம சும்மா இருக்கலாம். இல்லைன்னா..."

"வாரேன்," என்று டெய்சி எழுந்து சேலையில் மண்ணைத் தட்டினாள். "அப்பா மருந்து குடிக்க ஜெயில்ல மருந்து இல்ல. நான் சொல்லிருறேன்க்கா. நடந்ததை நடந்தபடி சொன்னா ஒரு மனுஷனாச்சும் நம்ப மாட்டாங்களா?"

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் நல்லுசாமி அவர்களைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"வாங்கம்மா, வாங்க! உங்களுக்குத்தான் சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன். இனி உங்க கையெழுத்துகூட அவசரமில்ல."

"சார், என் கணக்கு தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்," என்றாள் ரோசலின்.

"தப்பா?" அவர் சிரிப்பு கூடியது. "ராயப்பராஜு இன்னைக்குக் காலையில மாஜிஸ்திரேட் முன்னாடி ஒப்புக்கிட்டாரும்மா. தகராறுல பிடிச்சுத் தள்ளிவிட்டேன்னு. யாரும் கேக்காமலே மணியையும் சொன்னாரு. ரெண்டரைன்னு! டிகிரியைப் பாத்து மணி சொன்னீங்க பாருங்க, ஒரு நிமிஷம் பெசகல."

 ரோசலின் போட்ட தப்புக் கணக்கு, ஒரு பாவமும் செய்யாத மனுஷனின் வாய் வழியாக, சரியான விடையாகத் திரும்பி வந்திருந்தது.

"சார், அவருக்கு அந்த மணி எப்படித் தெரியும்? நீங்க சொல்லித்தான் தெரியும். அது ரெண்டரை இல்ல, ஒண்ணு அஞ்சு. அப்ப அவரு விருந்துல இருந்தாரு."

"ஒண்ணு அஞ்சுக்கு மோட்டார் ஓட ஏதும்மா கரண்ட்டு?"

"கண்டன்சர் போட்டு ஓடியிருக்கு."

"கண்டன்சர் எங்க?"

அவள் டெய்சியைப் பார்த்தாள். டெய்சி முன்னால் வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கேட்டு முடித்ததும் அவர் முகத்தில் இரக்கம் மட்டுமே இருந்தது.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கு தாயி. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா அதுவும் இப்படித்தான் ஓடிவந்து 'நான்தான்'னு சொல்லும். பாசம் அப்படிச் சொல்ல வெக்கும். ஆனா சட்டத்துக்கு ஆதாரம் வேணும்ல."

"இந்தாங்க சார்." ரோசலின் காயிலை மேஜையில் வைத்தாள். "அந்த மோட்டாரோட காயில்."

நல்லுசாமி அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தேன் நிறத்தில் பளபளத்தது.

"நல்லாத்தானம்மா இருக்கு. எரியவே இல்லையே?"

"அதான் சார் ஆதாரம். மத்ததெல்லாம் எரிஞ்சு, இது எரியாம இருக்குன்னா..."

"மத்தது எங்க?"

அல் அமீன் குறுக்கே புகுந்தான். "பழைய செம்புக்குப் போயிருச்சு சார். இந்நேரம்..." என்று ஆரம்பித்தவனுக்குக் குத்துவிளக்கு நினைவுக்கு வந்தது. அவன் வாயிலிருந்து அதற்குமேல் எதுவும் வரவில்லை. மூன்று வருஷத்தில் அப்படி நடந்தது அன்றுதான்.

"சார், கிதர் முகம்மது வந்து சாட்சி சொல்லுவாரு," என்றாள் ரோசலின்.

"வாரத்துக்கு நாலு மோட்டார் கட்டுறவரு, எந்த மோட்டாருல எது எரியலன்னு கோர்ட்டுல அடிச்சுச் சொல்லுவாரா? சரி, சொன்னாருன்னே வெச்சுக்குவோம். அந்தக் கொட்டகையில என்னைக்கோ கண்டன்சர் போட்டாங்கன்னுதான ஆகும்? அன்னைக்குத்தான் போட்டாங்கன்னு யாரு சொல்றது?" அவர் குரலைத் தணித்தார். "வக்கீல் உங்களை ஒரே ஒரு கேள்வி கேப்பாரும்மா. மொதல் கணக்கைப் போட்டது யாரு? நீங்கதான். அப்பவும் இதே மாதிரி உறுதியாத்தான சொன்னீங்க?"

 ரோசலின் உறுதியாகத்தான் சொன்னாள். இதே மேஜைக்கு முன்னால் நின்று, காப்பி டம்ளரைக் காட்டி.

"ஒப்புதல் வாக்குமூலம் மாஜிஸ்திரேட்டுகிட்ட போயாச்சு. இனி அது என் கையில இல்ல. மேல சொல்லிப் பாருங்க, நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்றார் நல்லுசாமி. காயிலை மரியாதையாக டெய்சியின் கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போ தாயி. அப்பா உனக்காகத்தான் இம்புட்டும் பண்றாரு. அதைக் கெடுத்துக்காத." அப்படிச் சொன்னதும் அவர் கண்கள் ஒரு கணம் டெய்சியின் முகத்தில் நின்றன. ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரோசலின் அவளுடைய தோளைத் தொட்டாள். "வா டெய்சி. நாளைக்கு ஒரு வக்கீலைப் பாப்போம்."

"நீங்க போங்கக்கா." டெய்சி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். "நான் இங்கனயே இருக்கேன்."

"எதுக்கும்மா?" என்றான் அல் அமீன்.

"நான் சொன்னதை இன்னும் யாரும் எழுதிக்கல. எழுதுறதுக்கு யாராச்சும் வருவாங்கல்ல?"

எழுத்தர் உள்ளே காகிதங்களை அடுக்கிவைத்துவிட்டு அலமாரியைப் பூட்டினார். டெய்சியைப் பார்த்து, "இன்னைக்கு முடிஞ்சுதும்மா," என்றார். டெய்சி சரி என்பதுபோலத் தலையாட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. கருகாத அந்தக் காயிலை மடியில் வைத்துக்கொண்டு, கூப்பிடுவார்கள் என்று உள்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.